கடல்பஞ்சுத் தண்ணி

அதான் சொல்றேனே, அந்த ஜாடிங்கள்ல இருந்தது ஊறுகா இல்ல, கடல்பஞ்சு, பாறையில ஒட்டிக் கெடக்கற கடல் உயிரு. ராமேஸ்வரத்துல இருந்து மச்சான் அனுப்பினதை உப்புத்தண்ணியில ஊறப் போட்டு, காரிமங்கலத்துல அந்தச் சின்ன ஆசுபத்திரி அலமாரி பூரா அடுக்கி வெச்சிருந்தான் கம்பவுண்டர் சவுரியப்பன்.

"கடலையே பாக்காத ஊருல கடல் வைத்தியமாடா?" டாக்டர் கோவிந்தன் மூக்கப் பொத்திக்கிட்டாரு.

"சார், இதுக்கு ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது. ஒட்டின எடத்துலயே கெடக்குது. ஆனா ஒரு மீனும் வாய வைக்கறதில்லன்னு மச்சான் சொல்றான். அப்ப உள்ள ஏதோ சரக்கு இருக்குல்ல? மீனை வெரட்டுற சரக்கு புத்துநோய வெரட்டாதா?"

புத்துக்கு ரேடியம் வைக்கணும்னா மெட்ராஸ் போவணும். யுத்த நேரம், ரயில்ல நிக்கக்கூட எடமில்ல. டாக்டர் யோசிச்சாரு.

"சரி, ஒரே ஒரு ஆளுக்குக் கரைஞ்சதுன்னு கூட்டிட்டு வா, மெட்ராஸுக்கு நானே எழுதறேன். இந்த மாசம் தாண்டுச்சுன்னா ஜாடியோட நீயும் கெளம்பு."

சந்தை அன்னிக்கு நஞ்சம்மாள் வந்தா. மருந்து குடுக்கற ஜன்னலாண்ட நின்னு, சுத்திமுத்தும் பாத்துட்டு மெதுவாக் கேட்டா. "புத்துங்க. கரைக்கறதுக்கு ஏதோ தண்ணி வெச்சிருக்கீங்களாமே?"

சவுரியப்பன் ஜன்னல் வழியாத் தலைய நீட்டினான். "எங்கம்மா இருக்கு?"

"உள்ளாறங்க."

பொம்பளைங்க சமாச்சாரம், அதுக்கு மேல அவன் கிண்டல. "எத்தனை நாளா?"

"போன மழைக்குச் சின்னதாக் கெளம்புச்சு, இப்ப இத்தாம் பெருசு. பாலு, முட்டை எல்லாம் தவறாம வெச்சுக்கிட்டுதான் வரோம்."

"நல்லது, தெம்பு வேணும்ல. கத்தி வைக்கச் சொல்லி யாரும் சொல்லலையா?"

"இரும்பே படக்கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு ஒரே புடியா நிக்கறாருங்க. தானாக் கரைஞ்சா குத்தமில்லையாம்."

ரெண்டு ஜாடிய எடுத்து நீட்டினான். "காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். நாத்தம் அடிக்கும், பொறுத்துக்கணும்."

"மாட்டுக்கொட்டாய் நாத்தமே பொறுத்தவங்க நாங்க, இது என்னங்க" அப்படின்னுட்டுப் போயிட்டா.

இருபது நாளு சவுரியப்பனுக்குச் சோறு எறங்கல. மாசம் முடிய ரெண்டு நாளு இருக்கறப்ப நஞ்சம்மாள் வந்தா, இடுப்புல ஒரு பூசணிக்காயோட.

"சுத்தமாக் கரைஞ்சு போச்சுங்க. இருந்த எடமே தெரியல."

அவளை அப்படியே டாக்டர் ரூமுக்குக் கூட்டிட்டு ஓடினான். இத்தனை வருசத்துல அவனை உக்காருன்னு சொல்லாத டாக்டரு, நாற்காலியத் தள்ளி விட்டாரு. லெட்டர் பேப்பரை எடுத்து இங்கிலீசுல நாலு வரி எழுதிட்டாரு.

"இப்ப ஒடம்பு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கேன். இன்னும் ரெண்டு ஜாடி குடுத்தீங்கன்னாப் புண்ணியமாப் போவும்."

"அதான் கரைஞ்சிருச்சே, இனி எதுக்கு?"

"சமையக்கட்டுப் புத்துல இருந்த பாம்பு, இப்ப மாட்டுக்கொட்டாய்ப் புத்துக்குக் குடி போயிருச்சுங்க."

டாக்டர் பேனாவ மூடி வெச்சாரு. ஆனா புத்து கரைஞ்சது நெசந்தானே, நீங்களே சொல்லுங்க, சவுரியப்பன் கெளம்பணுமா?