என்னைப் பற்றிச் சில வார்த்தைகள்

மேடையில் ஏழாம் நம்பர் பெண் தன் அம்மா செத்துப்போன கதையை ஆரம்பித்ததுமே அரங்கத்தில் அங்கங்கே மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வேன்காரம்மா முகத்தைச் சுளித்தாள்.

இளம் அழகிப் போட்டிக்கு வந்த பெண்களில் பாதிப் பேரைக் காலையில் தன் ஸ்கூல் வேனில் அவள்தான் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வழியெல்லாம் சென்ட் நாற்றம், ஹேர் ஸ்பிரே நாற்றம். போதாததற்கு ஆளாளுக்குத் தங்கள் அறிமுகத்தை மனப்பாடம் செய்கிற கூச்சல் வேறு. ஏழாம் நம்பரின் கவுனிலிருந்து உதிர்ந்த வெள்ளி ஜிகினா வேன் முழுக்க. இப்போதும் நகக்கண்ணில் ஒட்டியிருந்ததை வேன் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நம்பரின் அறிமுகம் அவளுக்கு அத்துப்படி. வண்டி ஓட்டிக்கொண்டே எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். நீச்சல் பிடிக்கும், கணக்கு பிடிக்காது, ஒரு நாள் விமானம் ஓட்டுவேன். அவ்வளவுதான். அதில் சாவு எதுவும் இல்லை.

இப்போது அதே பெண் முகவாயை நிமிர்த்தி, மைக்கைத் துளியும் நடுங்காமல் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அம்மா தவறிட்டாங்க. ‘நீ மேடையில நிக்கறத நான் மேலேருந்து பாப்பேன்’னு என் கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க. அன்னிலேருந்து என் தலையை நானேதான் பின்னிக்கறேன்.”

சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, மேலே பார்த்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மேடையோரம் நின்ற பயிற்சி மாஸ்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எல்லாம் அந்த ஆள் செய்கிற வேலை. போன வருஷம் கிரீடம் வாங்கியவளுக்கு அப்பா இல்லை என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அப்பா இல்லாதது ஏதோ படித்து வாங்கிய பட்டம் மாதிரி.

“பொய்,” என்றாள் வேன்காரம்மா. மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள்.

டிஷ்யூவால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்த பக்கத்து சீட்டு அம்மாள் சட்டென்று திரும்பினாள். நீலக் கவுன் போட்ட நாலாம் நம்பரைப் பெற்றவள் அவள். ஒற்றிய கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“என்ன சொன்னீங்க? பொய்யா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“உங்களுக்கு அந்தப் பொண்ணைத் தெரியுமா?”

“வேன்ல வரும்.”

“அப்போ வீடும் தெரியும். அவ அம்மா இருக்காங்களா இல்லையா, சும்மா சொல்லுங்க. பொய் சொன்னா போட்டியிலேருந்தே தூக்கிடுவோம்னு முதல்லயே சொன்னாங்கல்ல? என் பொண்ணு தொண்டை வறள உண்மையப் பேசிட்டு உக்காந்திருக்கா. இவ என்னடான்னா பொணத்தக் காட்டி மார்க் வாங்கிட்டுப் போறா.”

அந்த அம்மாளின் மூச்சில் புதினா மிட்டாயும் பேராசையும் சேர்ந்து அடித்தன. வேன்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீங்க சொல்லலைன்னா போங்க, நான் சொல்றேன்.” கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள் அந்த அம்மாள். “சார், இது பொய்னு இந்தம்மா சொல்றாங்க. அந்தப் பொண்ணு இவங்க வேன்லதான் தினமும் வருதாம்.”

தலைகள் எல்லாம் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். தொகுப்பாளர் இன்னொரு மைக்கோடு இறங்கிக் கடைசி வரிசைவரை ஓடி வந்தார்.

மேடையில் ஏழாம் நம்பரின் முகவாய் கீழே இறங்கியது. சிரிப்பு மட்டும் யாரோ கழற்ற மறந்ததுபோல முகத்திலேயே கிடந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மார்க் போடணும், அதான் கேக்கறோம். இந்தப் பொண்ணோட அம்மா இறந்துட்டது உண்மையா?”

வேன்காரம்மா எழுந்து நின்றாள். ஒரே ஒரு வார்த்தை. அது எச்சில் மாதிரி வாய்க்குள் ஊறி நின்றது. துப்பிவிட்டால் போதும், கவுன், கிரீடம், மாஸ்டரின் கட்டைவிரல் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

அடி வாங்கப் போகிற பிள்ளை பார்ப்பதுபோல ஏழாம் நம்பர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன்காரம்மா விழுங்கினாள்.

“உண்மைதாங்க.”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முகவாய் பழையபடி மேலே ஏறியது.

“என் அம்மா மாதிரி இன்னொரு அம்மா சாகக் கூடாது. அதனால நான் டாக்டராவேன்,” என்று முடித்தாள் ஏழாம் நம்பர். விமானம் எந்தப் பக்கம் பறந்து போனதோ தெரியவில்லை.

பக்கத்து சீட்டு அம்மாள் சிவந்துபோன முகத்தோடு சீறினாள்.

“இத்தனை பேருக்கு நடுவுல என் மானத்தை வாங்கிட்டீங்களே. அப்புறம் எதுக்குப் பொய்னு சொன்னீங்க? சரி, எப்போதான் செத்தாங்களாம் அந்தம்மா?”

வேன்காரம்மா நகத்திலிருந்த கடைசி ஜிகினாவைச் சுரண்டிக் கீழே உதறினாள். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“இப்பத்தாங்க. உங்க பக்கத்து சீட்டுல.”