மியாவ் பாட்டு

அரிசி மண்டி எலிகளைச் சிரிக்க வைக்கத்தான் கொறியன் என்ற எலி அந்தப் பாட்டைக் கட்டினான். "பூனை வந்தாச்சு, ஓடுங்க ஓடுங்க!" என்று அவன் அலறுவான். கூட்டம் "மியாவ்!" என்று முடிக்கும். ஒரே வாரத்தில் மூட்டைக்கு மூட்டை அதே பாட்டுதான். குஞ்சுகள்கூட அதைக் கேட்டால்தான் தூங்கின.

அன்று பாட்டு முடிந்த பிறகும் கதவுப் பக்கமிருந்து ஒரு "மியாவ்" வந்தது.

"யாருப்பா அது? அசலா இருக்கே! ஒன்ஸ் மோர்!" என்று எலிகள் விசிலடித்தன.

கொறியனுக்கு வால் நுனிவரை சில்லிட்டது. அவன் அண்ணனைக் கவ்விப்போன பூனையின் குரல் அது.

"பூனை வந்தாச்சு, ஓடுங்க ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"மியாவ்!" என்று கைதட்டிப் பாடியது மொத்த மண்டியும். கதவோரக் குரலும் சேர்ந்துகொண்டது, இப்போது இன்னும் பக்கத்தில்.