கார்டுல வாங்குன பேரீச்சம்பழம்

"ஒத்த ரூவா கேஷ் எடுக்கப்படாது, சொல்லிட்டேன்!"

தூத்துக்குடி மில்லர்புரம் வீட்டில் பெட்டி கட்டும்போதே எபனேசர் சட்டம் போட்டுவிட்டார். ஹார்பரில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். ஆபீஸ்தான் அவரை விட்டது, ஆபீசர் இன்னும் விடவில்லை.

மனைவி ஜெபசுதா இழுத்தாள். "துபாய்ல ஒரு வாரம் இருக்கப் போறோம். கைச்செலவுக்குக் கொஞ்சம் மாத்தி வச்சுக்கிட்டா என்ன?"

"எவனாவது பிக்பாக்கெட் அடிச்சுட்டா? கார்டுன்னா ஒரே போன், பிளாக் பண்ணிரலாம். தேய்க்கத் தேய்க்க பாயிண்ட் வேற ஏறும். கேஷுக்கு எவன் பாயிண்ட் குடுக்கான்?"

அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடியும்.

சபையிலிருந்து ஒரு வேன் கொள்ளும் அளவுக்கு ஆள் கிளம்பியிருந்தது. துபாயில் போய் இறங்கினால், வேன் டிரைவர் நம்ம காயல்பட்டினத்துப் பையன். பேர் ஹுதைஃபா.

"தூத்துக்குடியாக்கா? மக்ரூன் கொண்டாந்தீங்களா?" முதல் கேள்வியே அதுதான்.

ஜெபசுதா ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். ஒரு மக்ரூனை வாயில் போட்டவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு போனில் ஒரு குழந்தை படத்தைக் காட்டினான்.

"எம் மவதான்க்கா. பேரு இல்மா. பொறந்து எட்டு மாசமாச்சு, இன்னும் நேர்ல பாக்கல. பெருநாளைக்குள்ள போயித் தூக்கிரணும். டிக்கெட்டுக்குக் கொஞ்சம் துண்டு விழுது. இந்த டிரிப்போட சரியாயிரும், இன்ஷா அல்லாஹ்."

ஜெபசுதா போனை வாங்கி அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

சாயங்காலம் ஹோட்டல் வாசலில் இறங்கும்போது ஆளாளுக்கு அவன் கையில் ஏதோ வைத்தார்கள். எபனேசர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினார்.

"தப்பா நினைக்காத தம்பி. நம்மகிட்ட கார்டுதான்."

பெட்டி தூக்கினவருக்கும் அதே கார்டு. ரூம் துடைத்த பெண்ணுக்கும் அதே கார்டு. தேய்த்ததை விடக் காட்டியதில்தான் அந்தக் கார்டு தேய்ந்திருக்கும்.

ஜெபசுதாவுக்குக் கூச்சமாக இருந்தது, ஆச்சரியமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பை வரும்போது இவர் கை பொத்தினபடி உள்ளே போகும், பொத்தினபடியே வெளியே வரும். என்ன விழுந்தது என்று ஆண்டவருக்கும் அவருக்கும்தான் தெரியும்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனார்கள். ஜெபசுதா பேரீச்சம்பழக் கடைக்குள் புகுந்து பெட்டி பெட்டியாக அடுக்கினாள்.

"எதுக்குளா இம்புட்டு?"

"ஊருக்குப் போனா தெருவுல சும்மா விடுவாங்களா? துபாய் போயிட்டு ஒரு பழம்கூடத் தரலைன்னு பேச மாட்டாங்களா? உங்களுக்கும் பாயிண்ட் ஏறும்லா?"

பாயிண்ட் என்றதும் மனிதர் மறுபேச்சில்லாமல் தேய்த்தார்.

அடுத்த நாளும் பேரீச்சம்பழம். அதற்கடுத்த நாள் பாதாமும் சேர்ந்துகொண்டது.

"பழத்துக்குப் பொறந்தவ மாதிரில்லா வாங்குதா!" என்று எபனேசர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் அதையும் தேய்த்தார்.

இதில் அவளுக்கு மறதி வேறு. வேனை விட்டு இறங்கி எல்லோரும் நடந்த பிறகு, "ஐயோ, கண்ணாடிய வச்சுட்டு வந்துட்டேன்!" என்று திரும்பி ஓடுவாள். அடுத்த நாள் தண்ணி பாட்டில். அதற்கடுத்த நாள் திரும்பவும் கண்ணாடி.

"ஒரு நாளைக்கு உன் தலையவே கழட்டி வேன்ல வச்சுட்டு வரப்போற!" என்று எபனேசர் ஊர் கேட்கச் சத்தம் போடுவார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவாள்.

கடைசி நாள் ஏர்போர்ட் வாசல். பேரீச்சம்பழம் அடைத்த பெட்டியைக் கண்டு எபனேசருக்குத்தான் பயம். வெயிட் கூடினால் அபராதம் கட்ட வேண்டுமே! மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, வேனிலிருந்து பெட்டியை இழுத்தார். அது பொசுக்கென்று கையோடு வந்தது. ஆள் மல்லாக்க விழப் பார்த்தார்.

"ஏளா! பழமெல்லாம் எங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் ஹுதைஃபா ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"டிக்கெட் போட்டுட்டேன் சார்! துண்டு விழுந்ததை நீங்கதான் நிரப்புனீங்க. எல்லார் முன்னாலயும் குடுத்தா நான் கூச்சப்படுவேன்னு, முன்னால கார்டைக் காட்டிட்டு, பின்னால தினமும் அக்கா கையில குடுத்து அனுப்புனீங்களே! உங்கள மாதிரி மனுசரை நான் பாத்ததே இல்ல சார்."

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. சபையில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அற்புதமணி டீச்சர் கையே தட்டிவிட்டார்.

எபனேசர் திருதிருவென்று முழித்தார். ஆனால் ரொம்ப நேரம் முழிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. இதையெல்லாம் வெளிய சொல்லப்படாது."

அவன் அந்தப் பக்கம் போனதும் மனைவியின் காதோரம் குனிந்தார். "ஏதுளா காசு?"

"எல்லாம் உங்க கார்டுதான். நீங்க தேய்ச்ச பழத்தையெல்லாம் டீச்சருக்கும் மத்தவங்களுக்கும் வாங்குன விலைக்கே குடுத்துட்டேன். அவங்களுக்கு அலைச்சல் மிச்சம். எனக்குக் கேஷ்."

"அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

ஜெபசுதா காலிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கோயில்ல பைக்குள்ள என்ன போடுதீங்கன்னு நீங்க எங்கிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?"