இரண்டாவது வழி

"லைன் ஒரு நிமிஷம் போனாலும் இங்க ஆள் போயிடும் அண்ணே. மத்த ஆபீஸ் மாதிரி இல்ல இது."

ருமியானா சொன்னதைக் கேட்டபடியே, இணைய இணைப்பு போட வந்திருந்த வெலிச்கோ தன் கருவிப் பையைத் திறந்தார். லோம் நகரில், ருமேனிய எல்லையான டான்யூப் ஆற்றைப் பார்த்த பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டே அறைகள். வாழப் பிடிக்காமல் தவிப்பவர்கள் கூப்பிட்டுப் பேசும் உதவி எண் அங்கேதான் இயங்கியது. போன்கள் எல்லாமே இணையத்தில் ஓடுபவை.

போன மாதம் தெருவைத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். அப்போது ஒரு பெண் அழுதபடி ருமியானாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதியில் நின்றது. அவள் மறுபடி கூப்பிடவே இல்லை. அன்றிலிருந்து ருமியானாவுக்கு உள்ளூர்ச் செய்திகளைப் பார்க்கவே பயம். கேபிள் போனால் சிம் கார்டு வழியாக இணையம் தானாக வரவேண்டும் என்று நிர்வாகத்தை நச்சரித்து, இப்போதுதான் சம்மதம் வாங்கியிருந்தார்.

வெலிச்கோ அதிகம் பேசவில்லை. சிம் போட்ட புது ரௌட்டரை ஆற்றுப் பக்க ஜன்னலில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க வச்சா அக்கரையில ருமேனியாக்காரன் டவர்ல போய் ஒட்டிக்கும். நம்ம ஊர்ப் பசங்க மாதிரிதான். வெளிநாடுன்னா ஓடிடும்."

ருமியானா சிரித்தார். வெலிச்கோ சிரிக்கவில்லை. ரௌட்டரைத் தெருப் பக்கத்துக்கு மாற்றினார். ருமியானா காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் வேலை அநேகமாக முடிந்திருந்தது.

வெலிச்கோ காபியைக் குடித்துக்கொண்டே, இங்கே கூப்பிடுகிறவர்கள் பெயர் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை என்றார் ருமியானா. ஆண்களும் கூப்பிடுவார்களா என்று கேட்டார்.

"ரொம்பக் கம்மி. கூப்பிட்டாலும் மழை, பனின்னு ஏதாவது பேசிட்டு வச்சிடுவாங்க."

தலையாட்டிவிட்டு எழுந்தார் வெலிச்கோ. கடைசியாக ஒரு சோதனை பாக்கி என்றார். அவர் கீழே ஆற்றங்கரைக்குப் போய் உதவி எண்ணைக் கூப்பிடுவார். அவர் பேசும்போது ருமியானா ரௌட்டரில் செருகிய மஞ்சள் கேபிளைப் பிடுங்க வேண்டும். இணையம் சிம்முக்கு மாறியதும் பச்சை விளக்கு நீலமாக மாறும். பேச்சு அறுந்துவிடக் கூடாது.

"என்ன பேசுவீங்க?"

"உங்களைக் கூப்பிடுறவங்க பேசுற மாதிரியே பேசறேன். அப்பதான் சரியாத் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ருமியானா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேபிளில் கை வைத்தபடி ரௌட்டர் முன்னால் குனிந்து நின்றார்.

மனைவி இறந்துபோனதிலிருந்து வீட்டுக்குள் நுழைய முடியவில்லை என்றது வெலிச்கோவின் குரல். வேனிலேயேதான் படுக்கை. ஸ்பெயினில் இருக்கும் மகனிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறார். அவனும் நம்பிவிட்டான்.

ருமியானா கேபிளைப் பிடுங்கினார். பச்சை அணைந்தது. குரல் ஒரு கணம் திக்கியது. நீலம் எரிந்தது.

"...எடுத்த வேலையெல்லாம் முடிச்சுட்டேன். இனிமே நான் எங்கயும் போக வேண்டியதில்ல. ஆத்துல தண்ணி நிறைய போகுது."

ருமியானாவின் கண் நீல விளக்கைவிட்டு நகரவில்லை. அது சிமிட்டாமல் எரிந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது அவருக்கு.

"அருமை அண்ணே. ஒரு சொல்கூட விழல. நல்லாவும் நடிச்சீங்க, நானே நம்பிட்டேன். மேல வாங்க, இன்னொரு காபி குடிக்கலாம்."

லைன் போய்விட்டதோ என்று பயந்து அவர் ரௌட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் காதில் ஆற்றின் இரைச்சல் கேட்டது. அதற்குள்ளிருந்து வெலிச்கோவின் குரல் மெதுவாக வந்தது.

"லைன் நல்லாத்தான் இருக்கு மேடம். நீங்க உள்ள காபி போட்டுட்டு இருந்தப்பவே கேபிளைப் பிடுங்கி சோதிச்சுட்டேன். இப்ப நான் கூப்பிட்டது சோதனைக்கு இல்ல."