ரசிகர் கதவு

பருப்பு மண்டி நடத்தும் தங்கபுஷ்பம் பல வருடமாக விடாமல் பார்த்துவந்த ஜப்பானியக் கார்ட்டூனான அனிமேவின் கடைசிப் பாகம், விருதுநகரில் அன்று ஒரே ஒரு காட்சி. ரசிகர்களுக்கு மட்டும். கேமராவில் ஆளைப் பார்த்தே எடைபோடும் தியேட்டர் கதவு, அவளுடைய பட்டுச்சேலையையும் மூக்குத்தியையும் பார்த்துவிட்டு, “நீங்கள் ரசிகர் இல்லை” என்றது.

துணைக்கு வந்த மருமகனோ அனிமே என்றாலே கொட்டாவி விடுகிறவர். கலைந்த தலை, சோடாபுட்டிக் கண்ணாடி, முதுகில் பை. “வருக ரசிகரே!” என்று அவருக்குத் திறந்தது.

மூட்டையைப் பார்த்துச் சரக்கு வாங்குகிறவர்களை அவள் மண்டியில் பார்க்காதவளா?

“மாப்ள, அந்தக் கண்ணாடியையும் பையையும் குடுங்க.”

“எனக்குக் கண்ணு தெரியாதே அத்தை!”

“கார்ல தூங்கத்தான போறீங்க, அதுக்கு எதுக்குக் கண்ணாடி?”

தலையைக் கலைத்துக்கொண்டு போனாள், கதவு திறந்தது. உள்ளேயும் கேமரா. கண்ணாடியைக் கழற்றினால் வெளியேற்றம். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் திரை முழுக்க ஒரே புகைமூட்டம்.

பக்கத்து இருக்கையில் மீசைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர். மூக்கில் மகனுடைய கண்ணாடி.

“சார், உங்களுக்காவது தெரியுதா?”

“ஒண்ணும் தெரியலக்கா. குரலக் கேட்டே அழுகை வருது.” கன்னத்தில் வழிந்ததை அவர் அப்படியே விட்டிருந்தார். “நீங்களும் கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடைச்சிராதீங்க. வெளிய அனுப்பிருவான்.”