தும்மல் கேக்

நோலீன் காலையிலேயே தொப்பியை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போனாள். அதுதான் சமயமென்று மெர்வ், தன் பெண்டாட்டி சுட்ட பழக் கேக்கைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பெயரில் ஊர்க் கண்காட்சிப் போட்டியில் வைத்தான். அவள் அதில் மிளகை அள்ளிப் போடுவதால் ஊரே அதைத் 'தும்மல் கேக்' என்று கேலி பேசியது. பரிசு வந்தால் வாயை மூடுவார்கள்.

சாயங்காலம் பாதிக் கேக்கோடு வீடு திரும்பினான். அதற்குள் நோலீனும் வந்திருந்தாள்.

"கோவிச்சுக்காத நோலீன். உன் கேக்கைப் போட்டியில வச்சேன். மிளகு போட்டா விதிப்படி செல்லாதாம், தள்ளிட்டாங்க."

"சரி விடு. டீ போடட்டுமா?"

"உனக்கு ரோஷமே கிடையாதா? செல்லாதுன்னுட்டு பாதிய வேற தின்னு தீர்த்திருக்கான் அந்த நடுவன். கதவைச் சாத்திக்கிட்டு ருசி பார்த்தானாம். ஆள் யாருன்னு தெரியட்டும், ஆட்டுப் பட்டியில தள்ளுறேன்."

"தள்ளு. வழக்கமா வர்ற நடுவருக்கு வயித்தால போகுதுன்னு காலையில என்னைத்தான் கூப்பிட்டாங்க."

மெர்வ் கையிலிருந்த பாதிக் கேக்கை மேசையில் வைத்தான்.

"உன் கேக்குன்னு தெரியலையா?"

"தெரியாம என்ன? மத்ததெல்லாம் ஒரு வாயோட வச்சிட்டேன். இதைத்தான் பாதி வரைக்கும் நிறுத்த முடியல" என்றபடி மிச்சத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் நோலீன்.