எட்டாவது பூ

மணி ஒன்பது ஆகப் போகிறது. இன்னும் ஒரு ஈ காக்கா வரவில்லை.

கொல்லைச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பரங்கிப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள் சஃபா.

பத்து மணிக்குள் பூ சுருங்கிவிடும். அதற்குள் ஏதாவது வண்டு ஆண்பூவில் புரண்டு வந்து இதில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்கு இருக்கும் பிஞ்சு இரண்டே நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

ஏழு அப்படி உதிர்ந்தாகிவிட்டது. இது எட்டாவது. இலையெல்லாம் வெள்ளை படர்ந்து கொடி காய்ந்து வருகிறது. இனி இதில் பெண்மொட்டே கிடையாது.

விதையை ஊன்றியது அவள் புருஷன் தவ்ஃபீக். சரக்குக் கப்பலில் சமையல் வேலை அவனுக்கு. ஊரான அக்காள்மடத்தை விட்டுப் புறப்பட்ட அன்று காலையில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மணலைத் தோண்டினான். நோன்புக்கு வந்துவிடுவேன், வரும்போது காய் காய்த்திருக்க வேண்டும் என்று உத்தரவு வேறு.

நோன்புக்கு இன்னும் பதினைந்து நாள். கப்பலைக் காணவில்லை என்று ஏஜெண்டு சொல்லி நாற்பத்தோரு நாள். அவள் அனுப்பும் வாட்ஸ்அப்புக்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறது.

லீவில் இருந்தபோது, கொல்லைக்கு வரும் ஒவ்வொரு பூச்சிக்கும் தவ்ஃபீக் ஓர் ஆளைப் பொருத்தி வைத்திருந்தான். பட்டாம்பூச்சி அவன் தங்கச்சி ஃபஸீலா. புதுச்சேலையைக் காட்டத்தான் வரும், ஓர் இடத்தில் ஒரு நிமிஷம் உட்காராது. தேனீக்கள் ஜமாத்துக் கமிட்டி. கூட்டமாக வந்து எல்லாப் பூவையும் விசாரித்துவிட்டுப் போகும்.

கருவண்டு அவனேதான். நேரங்கழித்து வரும். வீடே அதிரச் சத்தம் போடும். சுவரில் முட்டும். பூவுக்குள் தலைகுப்புற விழுந்து மூஞ்சியெல்லாம் மஞ்சளாக எழுந்துவரும்.

"எம்புட்டு லேட்டானாலும் இந்த வண்டு வந்துரும் புள்ள" என்று சிரித்தான்.

எறும்பை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. சஃபாதான் பிறகு, மனசுக்குள்ளேயே, மாமியாருக்குக் கொடுத்தாள்.

எறும்பு காம்பு வழியாக ஏறும். தேனைக் குடிக்கும். வந்த வழியே இறங்கிவிடும். பூவுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஹமீதா பானு அப்படித்தான் இருந்தாள். மகனைக் காணோம் என்று போன் வந்த அன்றும் நேரத்துக்கு உலை வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முப்பதாம் நாள் அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பெற்ற வயிறா இது என்று சஃபாவுக்கு ஆத்திரமாக வந்தது. எந்நேரமும் அவள் கையில், ஓதி எண்ணும் வெள்ளைத் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருக்கும். அவ்வளவுதான் அவள் துக்கம்.

கருவண்டு வந்து ஒரே ஒரு பிஞ்சு பிடித்துவிட்டால் அவன் உயிரோடு வருவான். இப்படி ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருந்தாள் சஃபா. ஆண்பூவைப் பறித்துத் தானே தடவிவிடவும் அவளுக்குத் தெரியும். ஆனால் மனுஷக் கை பட்டால் அது செல்லாது.

ஒருநாள் மனசு தாங்காமல் இதை மாமியாரிடமே சொல்லித் தொலைத்தாள்.

"பூவையும் பூச்சியையும் வச்சுச் சகுனம் பாக்குறது ஷிர்க்கு, அல்லாவுக்கே இணை வைக்கிற பாவம். போயி அல்லாகிட்டத் தவ்பா செய்யி" என்று எரிந்து விழுந்தாள் ஹமீதா பானு.

ராத்திரி மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்வாள். விடிந்ததும் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

தேனீக்களை எதிர்பார்ப்பதற்கில்லை. பக்கத்துப் பனையில் இருந்த கூட்டைப் புகை போட்டு எடுத்துவிட்டார்கள். கருவண்டோ, முருங்கை பட்டுப்போன பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஒன்பதரை. பூவின் விளிம்பு உள்பக்கமாகச் சுருளத் தொடங்கியது.

செல்லுமாவது, செல்லாததாவது. படைத்தவனையே ஏமாற்றியதாக ஆனாலும் ஆகட்டும், இந்தப் பிஞ்சு உதிரக் கூடாது. அவன் சாகக் கூடாது.

எழுந்து ஓடி ஓர் ஆண்பூவைப் பறித்தாள். இதழ்களைப் பிய்த்து எறிந்தாள். மணலில் மண்டியிட்டு, சுருளும் பெண்பூவை விரலால் விரித்தாள்.

உள்ளே ஏற்கெனவே மஞ்சள்.

நடுவில் இருந்த குமிழ் முழுக்க மகரந்தம் அப்பிக் கிடந்தது. வண்டு இவ்வளவு பூசாது. யாரோ அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள்.

பக்கத்து இலையை விலக்கிப் பார்த்தாள். இதழ் பிய்த்த ஆண்பூக்கள் மூன்று, மணலில் பாதி புதைந்து கிடந்தன. விடிந்து அவள் இங்கே வருவதற்கு முன்பே யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

"வண்டு வந்துச்சா புள்ள?"

திரும்பினாள். அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு ஹமீதா பானு நின்றாள். கண் பூவின் மேலேயே இருந்தது.

அவள் கையில் தஸ்பீஹ் உருண்டுகொண்டிருந்தது. வெள்ளை மணிகளில் பாதிக்கு மேல் மஞ்சளாக இருந்தன.

சஃபா தன் கையில் இருந்த பூவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வந்துச்சு மாமி. நான் வர்றதுக்கு முந்தியே வந்துட்டுப் போயிருச்சு."